அனுமதி வாங்கி ஓடிப்போனவள்

ஹோல்ட்ரெஜ், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 21, 2018

அம்மா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீடு தூங்கிவிட்டது. ஐவியும் தூங்கிவிட்டாள், இப்போதைக்கு. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் தூக்கம்தான், கோபம் இல்லை. கோபம் தனியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்தது நான்தான். மலையில் சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்துக்கொண்டால் தேவலை என்று அன்றைக்கு முழுக்க வேண்டிக்கொண்டிருந்தேன். மறுபடி போன் செய்யத் தைரியம் இல்லை. போனில் நான் கத்துவேன், நீ பேச்சை நிறுத்திவிடுவாய், ஐவி எழுந்துவிடுவாள். கடிதத்தில் ஒருவர் பேச்சில் இன்னொருவர் புக முடியாது. அதனால் கடிதம்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். ஐம்பத்தொன்பது வயதில் நீ ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். மலைமேல், தேசியப் பூங்காவுக்குள், ஓர் ஏரிக்கரையில். கூட ஓடுகிறவர் ரூபென் டஃபோயா. குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். நான் அவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் கால்களை மட்டும். உடம்பின் மீதி உன் காருக்கு அடியில் இருந்தது. ஓடிப்போவதற்கு முன் பூங்கா அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, அனுமதி வாங்கி, இந்த நாள், இந்த மணி நேரம் என்று ஒதுக்கியும் வாங்கியிருக்கிறாய்.

காரெட்டிடம் சொன்னேன்.

“அனுமதி வாங்கிட்டு ஓடிப்போற முதல் ஆளு உங்கம்மாவாத்தான் இருப்பாங்க,” என்றான். “சீட்டு தொலைஞ்சு போச்சுன்னா திரும்பி வந்துருவாங்களா?”

என் புருஷன் சொன்னதற்கு நான் சிரிக்கவில்லை. நீ சிரிப்பாய் என்று தெரியும்.

அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. நீ ஒரு துணையைத் தேடிக்கொண்டதில் எனக்கு ஒன்றுமில்லை. இந்த வரியை இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டு மூன்றாவது தடவை எழுதுகிறேன், ஒன்றுமில்லை. ஆனால் ஏன் ஒளிந்துகொண்டு? உன் சொந்த அக்கா எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஆர்டிஸ் பெரியம்மாவைக் கடையில் பார்த்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

நான் வர முடியாது. ஐவிக்கு நாலு மாசம்தான் ஆகிறது. உன் ஏரி நம் ஊரைவிட நாலு மடங்கு உயரத்தில் இருக்கிறது. அந்தக் காற்றில் பெரியவர்களுக்கே தலை வலிக்குமாம், வாந்தி வருமாம். குழந்தைக்கு வலித்தால் சொல்லத் தெரியாது. அழத்தான் தெரியும். அவள் எல்லாவற்றுக்கும் அழுகிறாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். மற்றதை நீ அக்டோபரில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

பிரிட்டா


எஸ்டஸ் பார்க், கொலராடோ
ஆகஸ்ட் 27

பிரிட்டா,

சிக்னல் போகவில்லை என்று எனக்குத் தெரியும். நீ போனை வைக்கிற சத்தம் பன்னிரண்டு வயதிலிருந்து பழக்கம்.

ஓடிப்போவது என்ற வார்த்தை உன்னைப் பயமுறுத்துகிறது போல. இங்கே அதற்கு அவ்வளவு மரியாதை கிடையாது. நான் புத்தகமும் தபால் அட்டையும் விற்கிற கடைக்கு வாரத்தில் பல ஓடிப்போன ஜோடிகள் வருகிறார்கள். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் மலையேறுகிற பூட்ஸோடு, கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அப்பா அம்மாவுக்குப் பயந்து ஓடுகிறவர்கள் அதில் ஒருவர்கூட இல்லை. விருந்துக்கும் சித்தி பெரியம்மாக்களுக்கும் பயந்து ஓடுகிறார்கள்.

நான் ஓடுவது ஆர்டிஸிடமிருந்து. ஈஸ்டருக்கு அவள் போன் செய்தது உனக்குத் தெரியாது.

“யாரோ டிரைவரோட மலைல சுத்துறியாமே?”

“சுத்தல. அவர் ஓட்டுறாரு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

“கல்யாணம்னா நம்ம சபையிலதான் நடக்கணும், சொல்லிட்டேன். விருந்துக்குப் பன்றிக்கறி, அந்த ஹாமுக்கு நான் பொறுப்பு. பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். அவரு கத்தோலிக்கராமே, லூத்தரன் சபைக்கு மாறுவாரா?”

“அவருக்கு அறுபத்திரண்டு வயசு ஆர்டிஸ். சட்டை மாத்தவே யோசிப்பாரு.”

நான் இன்னும் சரி என்றுகூட ரூபெனிடம் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் ஹாம் முடிவாகிவிட்டது. அந்தப் பக்கமும் இதே கதைதான். ரூபெனின் தங்கை எர்லிண்டா, “பாதிரியார் இல்லாம பண்ணினா அது கல்யாணமில்ல, பிக்னிக்,” என்றாள். சரி, பிக்னிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று ரூபென் சொல்லிவிட்டார்.

பூங்காவில் நாற்காலி போடக்கூடாது. வளைவு கட்டக்கூடாது. அரிசியோ பூவோ தூவக்கூடாது, அதை மான் தின்னும் அணில் தின்னும். நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. கொலராடோவில் பாஸ்டரும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. கல்யாணம் செய்துகொள்கிற இரண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே நடத்திவைத்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் கூப்பிடுவது உன்னை மட்டும்தான். செப்டம்பர் 27, வியாழக்கிழமை, காலையில். மத்தியானம் ஆனால் மேகம் கூடிவிடும். ஐவியைத் தூக்கிக்கொண்டு வா. இங்கேயும் குழந்தைகள் பிறந்து வளர்கிறார்கள், ஆனால் உன் டாக்டரிடம் கேட்டுவிட்டே வா. என் பேச்சை நீ நம்பமாட்டாய்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், நான் அக்டோபரில் வரும்போது என்று. எனக்குப் புரியவில்லை. அக்டோபரில் நான் எங்கே வருகிறேன்?

அம்மா


ஹோல்ட்ரெஜ்
செப்டம்பர் 2

அம்மா,

எங்கே வருகிறாயா? இங்கே வருகிறாய். என் வீட்டுக்கு. பின்னறையில் கட்டில் போட்டாயிற்று. காரெட் ஜன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டான், உனக்குக் குளிரக்கூடாது என்று. ஜனவரியில் வேலைக்குத் திரும்புகிறேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன், நீ குழந்தையைப் பார்த்துக்கொள்வாய் என்ற தைரியத்தில்.

ஏப்ரலில், ஐவி பிறந்த சமயம், பாத்திரம் கழுவிக்கொண்டே நீ கேட்கவில்லையா?

“குளிர்காலத்துக்கு வந்து கூட இருக்கட்டுமா?”

“வேண்டாம்மா, நாங்க பாத்துக்குவோம்.”

இதுதான் நடந்தது. இதை நீ மறுப்பு என்று எடுத்துக்கொண்டாயா? அம்மா, அது முதல் தடவை! முதல் தடவை கேட்கும்போது யார் சரி என்பார்கள்? சின்ன வயசில், எக்பர்க் குடும்பத்தார் வீட்டில் லெமன் கேக் தட்டை நீட்டினதும் எடுத்துவிட்டேன் என்று மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினவள் நீதான். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாவது தடவை, ‘சரி, நீங்க இவ்வளவு சொல்றதால’ என்று சின்னத் துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். நீ சொல்லிக்கொடுத்தது. இந்த ஊரே அப்படித்தான் சாப்பிடுகிறது.

நீ இரண்டாவது தடவை கேட்பாய் என்று மே மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு மலைக்கே திரும்பிப் போய்விட்டாய். பிறகு யோசித்தேன், அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் மூன்று தடவை எதற்கு, புரிந்துகொண்டுதான் போயிருக்கிறாள் என்று. அப்படியே வைத்துக்கொண்டேன்.

இப்போது நீ அங்கேயே இருக்கப்போகிறாய். இல்லையா?

சாட்சி தேவையில்லை என்பதை நானும் தேடிப் படித்தேன். அங்கே சிலர் தங்கள் நாயின் காலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிக்கிறார்களாம். ரூபெனிடம் நாய் இருக்கிறதே. அதைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கு உயரம் ஒத்துக்கொள்ளும்.

பெரியம்மாவைப் பார்த்தே விட்டேன், புதன்கிழமை கடையில்.

“உங்கம்மா எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காங்க பெரியம்மா.”

“அவ நல்லா இருந்தா உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“தூக்கமில்ல.”

“நாங்களும் தூங்காமத்தான் பிள்ளை வளர்த்தோம். அதுக்காகத் தயிர் அடுக்குக்கு முன்னால நின்னு அழுதுகிட்டு இருக்கல.”

நான் அழவில்லை. அந்தக் குளிர்ப்பெட்டிக் காற்று கண்ணில் அடித்தது. உன் விஷயம் எதுவும் சொல்லவில்லை, கவலைப்படாதே.

பிரிட்டா


எஸ்டஸ் பார்க்
செப்டம்பர் 8

பிரிட்டா,

பூங்காவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. ஏரிக்கரைக்கு வரக்கூடாது. ஆகவே நாய் இல்லை. நீதான்.

ஏப்ரல் விஷயம். இரண்டு நாளாக யோசித்தேன். நீ சொல்வது சரி, அது முதல் தடவைதான். எப்போதும் போல ஹோல்ட்ரெஜிலேயே இருந்திருந்தால் மறுநாள் கேட்டிருப்பேன், அதற்கு மறுவாரமும் கேட்டிருப்பேன். ஆனால் நான் இங்கே குடிவந்த போன கோடையிலேயே கெட்டுப்போய்விட்டேன்.

முதல் தடவை எர்லிண்டா வீட்டுக்குப் போனபோது பன்றிக்கறி போட்டுப் பச்சை மிளகாய்க் குழம்பு வைத்திருந்தாள். வாசலில் நுழையும்போதே மணம்.

“சாப்பிடுறியா?”

“அய்யோ, வேண்டாம்.”

“சரி.” தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். மீதிப் பேர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பி வரும் வழியில் வண்டிச் சத்தத்தையும் மீறி என் வயிறு கத்தியது.

“பசிக்குதா மார்லிஸ்?” என்றார் ரூபென்.

“கொஞ்சம்.”

“அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னே?”

“இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன்.”

“அவ எதுக்கு கேக்கணும்? உனக்குத்தான் வேண்டாமே.”

மனிதர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அந்தக் கோடையில் நான் எடை குறைந்தேன். பிறகு பழகிக்கொண்டேன். இங்கே வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். உன் அடுப்பங்கரையிலும் அதே காதோடு நின்றிருக்கிறேன். யார் தப்பு என்று தெரியவில்லை. உன்னுடையது இல்லை என்று மட்டும் தெரிகிறது.

இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்துக்கு ரூபென் வீட்டில் இருப்பேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பனி விழுந்தால் அவர் விடியுமுன் வண்டியை எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது அடுப்பில் காப்பி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் கேட்கவில்லை. எனக்கே ஆசை. உன் அப்பாவுக்கு முப்பத்திரண்டு வருஷம் காப்பி போட்டேன், அது ஆசையா வழக்கமா என்று யோசித்ததே இல்லை.

நீ கேட்டால் யோசிப்பேன். ஆனால் நீ கேட்க வேண்டும். கட்டில் போட்டாயிற்று என்பது கேள்வி இல்லை.

நான் உன்னிடம் கேட்கிறேன். 27ஆம் தேதி வா. சட்டத்துக்கு நீ தேவையில்லை, பூங்காவுக்குத் தேவையில்லை, ரூபெனுக்கும்கூட அவ்வளவாகத் தேவையில்லை. எனக்கு நீ அங்கே நிற்க வேண்டும்.

தயிர் அடுக்குக்கு முன்னால் என்ன நடந்தது?

அம்மா


ஹோல்ட்ரெஜ்
செப்டம்பர் 16

அம்மா,

வருகிறேன்.

டாக்டர் பரவாயில்லை என்றார். மெதுவாக ஏறு, வழியில் ஓர் இரவு அடிவாரத்தில் தங்கு, ஏறும் வழியில் நடுநடுவே நிறுத்திப் பால் கொடு, காது அடைக்காது என்றார். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் முகம் மாறிவிட்டது.

அதனால் புதன்கிழமையே கிளம்பி லவ்லண்டில் தங்கிக்கொண்டு, வியாழன் காலையில் பள்ளத்தாக்கு வழியாக மேலே வருவேன். காரெட் வரமாட்டான். சோளம் அறுவடைக்கு வந்துவிட்டது, அவன் வேலை செய்கிற தானியக் களஞ்சியத்தில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன.

“தனியா ஓட்டிட்டுப் போயிருவியா?” என்றான்.

“போயிருவேன்.”

“நான் வேணும்னா கேட்டுப் பாக்கட்டுமா லீவு?”

“வேண்டாம், நான் பாத்துக்குறேன்.”

சொல்லிவிட்டு உன்னை நினைத்துக்கொண்டேன்.

கேக்கை நானே சுட்டுக் கொண்டுவருகிறேன். மலையில் சுட்டால் நடுவில் குழி விழுந்துவிடும் என்று நீதானே போன வருஷம் புலம்பினாய். ரூபெனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை, அதனால் உனக்குப் பிடித்த பாதாம் கேக். என்ன உடுத்துவது? நீ கவுனா, கோட்டா?

தயிர் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. நேரில் சொல்கிறேன்.

பிரிட்டா


எஸ்டஸ் பார்க்
அக்டோபர் 1

பிரிட்டா,

கல்யாணம் நடந்துவிட்டது. நீ வராததால் நிற்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் காரெட் போன் செய்து நீங்கள் இருவரும் பத்திரமாக வீடு வந்துவிட்டீர்கள் என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அதுவரைக்கும் பள்ளத்தாக்கில் எந்தத் திருப்பத்தில் எந்தக் கார் ஆற்றில் விழுந்ததோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரூபென் வண்டியை எடுத்துக்கொண்டு லவ்லண்ட் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கல்யாண நாளில் அவருடைய ஊர்வலம் அது.

காலை தெளிவாக இருந்தது. ஏரியில் காற்றே இல்லை. மஞ்சள் மரங்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. நான் கோட்டுதான் போட்டிருந்தேன், நீல நிறக் கோட்டு. ரூபென் சட்டை மாற்றியிருந்தார், ஆர்டிஸிடம் சொல். எங்கள் மணி நேரம் தொடங்கியது. நான் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கல்யாணப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காத்திருந்தோம். ஓடிப்போகிறவர்களுக்கும் இங்கே வரிசை உண்டு என்று உனக்குச் சொன்னேனா? எங்களுக்கு அடுத்த நேரத்துக்கு அனுமதி வாங்கிய ஜோடி முன்கூட்டியே வந்துவிட்டது. பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தோள் இரண்டும் வெறுமையாக விட்ட வெள்ளைக் கவுன். பல் தந்தியடித்தது.

“அவசரமே இல்ல மேடம்,” என்றாள். “நாங்க சும்மா முன்னாடியே வந்துட்டோம்.”

“இன்னும் கொஞ்சம் பாக்கலாமா?” என்று ரூபென் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு விறைச்சே போயிரும். ஆரம்பிக்கலாம்.”

ரூபென் வாயைத் திறந்து முதல் வார்த்தை சொன்னார், அக்கரையில் ஓர் ஆண் மான் கத்தியது. இது அவற்றின் இணை சேரும் காலம். பெரிய உடம்பு, ஆனால் சத்தம் துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி, நீளமாக, கிறீச்சென்று.

“கல்யாணத்துக்கு ஆட்சேபணை வந்திருக்கு,” என்றார்.

“யாரோடது?”

“உங்க அக்காவோடதா இருக்கும்.”

சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டேதான் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். அதனால் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு இடம் இருக்கிறது, நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் செல்லும். அந்த வெள்ளைக் கவுன் பெண், “நான் வேணும்னா போடட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். சரி என்று போய் அவள் இடத்தில் நின்றுகொண்டாள்.

பிறகு எர்லிண்டா வீட்டில் சாப்பிட்டோம். மூன்று தட்டு சாப்பிட்டேன். பிக்னிக் நன்றாக இருந்ததா என்று கேட்டாள். ஆர்டிஸுக்கு எழுதிவிட்டேன். பதில் இல்லை. ஹாமுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாளோ என்னவோ.

நீ ஏன் வரவில்லை? பயமா, கோபமா? ஒரு வார்த்தை எழுது. இரண்டும் என்றால் இரண்டு வார்த்தை எழுது.

அம்மா


ஹோல்ட்ரெஜ்
அக்டோபர் 6

அம்மா,

பயம். ஒரு வார்த்தைதான்.

கோபம் கிளம்பும்போதே போய்விட்டது. லவ்லண்டில் விடிந்ததும் எழுந்து, உனக்குப் பிடித்த அந்தப் பச்சை உடையை உடுத்திக்கொண்டு, ஐவிக்குத் தொப்பி போட்டு, கேக்கை முன்சீட்டில் வைத்துப் பெல்ட் மாட்டினேன். நேரம் நிறைய இருந்தது. பள்ளத்தாக்குக்குள் நுழைந்தேன். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் சாலையும் ஆறும். டாக்டர் சொன்ன மாதிரி வழியில் நிறுத்திப் பால் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

மறுபடி கிளம்பி ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஏதோ கரகரவென்று சத்தம். வழிக்கு வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பை. தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். நான்தான் பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், பைக்குள் இருக்கும் காற்று விரியும் என்று. எல்லாம் தெரியும். தெரிந்தே, அந்தப் பையைப் பார்த்தேன், பின்சீட்டில் தூங்குகிறவளின் நெஞ்சை நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். மூச்சு வரவில்லை. ஐவிக்கு இல்லை, எனக்கு. கை மரத்துப்போனது. அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். போன் எடுத்தேன், பாறைக்கு நடுவில் சிக்னல் இல்லை. பின்னால் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து ஒரு கிழவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“ஏதாவது உதவி வேணுமாம்மா?”

“வேண்டாங்க, ஒன்னுமில்ல, சும்மா நிறுத்தியிருக்கேன்.”

தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்குத்தான் தெரியாது, அவர் நெப்ராஸ்காக்காரர் இல்லை.

நீ ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நேரம் நான் அங்கேதான் இருந்தேன், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உன் மணி நேரம் முடிந்துவிட்டது என்று கடிகாரத்தில் பார்த்த பிறகுதான் கை கால் என் பேச்சைக் கேட்டது. வண்டியைத் திருப்பினேன். கீழே வந்ததும் சிக்னல் வந்தது. அப்போதும் உனக்குப் போன் செய்யவில்லை. வீடுவரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டினேன். நீங்கள் என்னைத் தேடிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்குவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரூபெனிடம் சொல், நான் வருத்தப்படுகிறேன் என்று. இதை அவருக்கே தனியாக எழுதுவேன்.

கேக்கைக் காரெட்டும் நானும் தின்றோம். இரண்டாவது துண்டை வெட்டும்போது, “உனக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றான். அப்போதுதான் சொன்னேன். தயிர் அடுக்கும் இதேதான், அம்மா. கடைத் தள்ளுவண்டியில் ஐவி இருந்தாள், நான் தயிரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் மூச்சு நின்றுவிட்டது என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை, தினமும் வருகிறது. அவள் தூங்கினால் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் மூடினால் என் கவனக்குறைவால் அவள் போய்விடுவாள் என்று ஒரு எண்ணம். அசட்டுத்தனம் என்று தெரிகிறது. தெரிவதால் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை எனக்காக. பிள்ளை பெற்ற பலருக்கு வருவதுதான் என்றார். அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், வாரத்துக்கு ஒரு நாள் மனநல ஆலோசனை சொல்கிற ஒரு பெண்ணிடம் போய்ப் பேசச் சொன்னார். தனியாக இருக்க விடாதீர்கள் என்று காரெட்டிடம் சொன்னார். அறுவடை முடிய இன்னும் பல வாரம் ஆகும். அவன் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறான். பெரியம்மா வருகிறேன் என்றாள். வந்தாள். அலமாரியெல்லாம் துடைத்துவிட்டு, ‘எங்க காலத்துல’ என்று தொடங்கினாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ வர வேண்டும், அம்மா. எனக்கு நீ வேண்டும். அறுவடை முடியும்வரையிலாவது, முடிந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும். உனக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மலையில் முதல் பனி விழுந்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன், ரூபெனுக்கு வேலை தொடங்கியிருக்கும். அவர் விடியுமுன் கிளம்பிப் போய்த் திரும்பி வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். நீ ஆசைப்பட்டதை விட்டுவிட்டு வா என்றுதான் கேட்கிறேன். தெரிந்துதான் கேட்கிறேன். நீ முடியாது என்று சொன்னால் ஜனவரியில் வேலைக்கு வரவில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டு, இங்கே வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்வோம். காரெட் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

வருவாயா என்று தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

பிரிட்டா